ஜப்பானிய மொழி தொடக்க வகுப்பு: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஜப்பானிய மொழி படிக்கலாமா என்று யோசிப்பவர்களும், முதல் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டுத் தயங்கி நிற்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அதனால் ஒலி கிட்டத்தட்டத்தான் வரும். ஏன் என்பது கீழே ஒரு பதிலில் இருக்கிறது.

வகுப்பு ஆங்கிலத்தில்தானே நடக்கும்? தமிழ் தெரிந்திருப்பதால் ஏதாவது லாபம் உண்டா?

உண்டு, அதுவும் நிறைய. ஆனால் பெரும்பாலோர் அந்த லாபத்தை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். பாடநூல் ஆங்கிலத்தில் விளக்குகிறது, ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்குகிறார், பக்கத்தில் இருப்பவரும் ஆங்கிலத்தில்தான் சந்தேகம் கேட்கிறார். நாமும் ஆங்கிலத்திலேயே யோசித்து, வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டு தவிக்கிறோம்.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: ‘வத்தாஷி வ தொமொதாச்சி தொ பஸு தெ கைஷா நி இக்கிமஸ்.’ தமிழில் ‘நான் நண்பரோடு பஸ்ஸில் கம்பெனிக்குப் போகிறேன்.’ சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ‘தொ’ என்பது நம் ‘ஓடு’, ‘தெ’ என்பது ‘இல்’, ‘நி’ என்பது ‘கு’. ‘கரா’ என்றால் ‘இலிருந்து’, ‘மதெ’ என்றால் ‘வரை’. நாம் பள்ளியில் வேற்றுமை உருபு என்று படித்தவற்றுக்கு அங்கே துகள்கள் என்று பெயர், அவ்வளவுதான். முன்னால் வரும் ஆங்கில முன்னிடைச் சொற்களோடு பொருத்திப் பார்க்கிறவருக்கு ‘நி’, ‘தெ’ இரண்டும் மாதக்கணக்கில் குழப்பும்.

இன்னும் நெருக்கமான இடம் வினையெச்சம். ‘தபெத்தெ’ என்றால் ‘சாப்பிட்டு’. ‘தபெத்தெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. இந்த ‘மிரு’வும் கண்ணால் பார்க்கிற அதே ‘பார்’தான். முன்கூட்டியே ஒன்றைச் செய்துவைப்பதற்கு ‘ஒக்கு’ (வை) என்ற துணைவினை வரும்: ‘கத்தெ ஒக்கு’, வாங்கி வை. முழுக்க முடிந்துபோனதற்கு ‘ஷிமவு’: ‘தபெத்தெ ஷிமவு’, சாப்பிட்டுவிடு. ஆங்கிலப் பாடநூல் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் விளக்கம் எழுதும். உங்களுக்கு ஒரு வரி போதும்.

கேள்விச் சொற்களும் அப்படியே. ‘இத்சு’ என்றால் எப்போது, ‘இத்சு மொ’ என்றால் எப்போதும். ‘தரெ’ என்றால் யார், ‘தரெ க’ என்றால் யாரோ. ‘மொ’ நம் ‘உம்’. ‘க’ நம் ‘ஓ’வின் வேலையையும், ‘வருகிறாயா’ என்பதில் உள்ள ‘ஆ’வின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

சுட்டுச் சொற்களில் யாழ்ப்பாணத்தாருக்குக் கூடுதல் சலுகை. ஜப்பானியத்தில் ‘கொரெ, சொரெ, அரெ’ என்று மூன்று சுட்டு உண்டு: என்னிடம் இருப்பது, உங்களிடம் இருப்பது, இருவருக்கும் தள்ளி இருப்பது. வீட்டில் ‘இது, உது, அது’ என்று பேசிப் பழகியவர்களுக்கு ‘சொரெ’ உடனே பிடிபடும். மற்ற நாமெல்லாம் ‘உ’ என்ற சுட்டை இலக்கணப் புத்தகத்தோடு விட்டுவிட்டோம்.

கொடுப்பதற்கும் இரண்டு வினைகள் உண்டு. எனக்கு ஒருவர் தந்தால் ‘குரெரு’, நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. ஆங்கில வழி படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் பாடம் இது. தொல்காப்பியம் ‘தரவு’ தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, ‘கொடை’ படர்க்கைக்கு உரியது என்று பிரிக்கிறது. ‘எனக்குத் தந்தார், அவருக்குக் கொடுத்தேன்’ என்று இன்றும் கவனமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவனத்தை அப்படியே அங்கே கொண்டுபோகலாம்.

என் யோசனை: குறிப்பு ஆங்கிலத்தில் எழுதுங்கள், சரி. வாக்கியம் அமைக்கும்போது மட்டும் தமிழில் அமையுங்கள். ஆசிரியர் ஒரு இலக்கணத்தை விளக்கி முடித்ததும் அதன் தமிழ் இணையை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ் எங்கே காலை வாரும்?

சில இடங்களில். ஜப்பானிய வினை ஆளுக்கு ஆள் மாறாது. ‘இக்கிமஸ்’ என்பது போகிறேன், போகிறாய், போகிறார்கள், நாளைக்குப் போவேன் எல்லாமே. நமக்கு விகுதி இல்லாமல் பேசுவது பல் விழுந்த மாதிரி இருக்கும், பழகிவிடும்.

இருப்பதற்கு உயிருள்ளவற்றுக்கு ‘இரு’, உயிரற்றவற்றுக்கு ‘அரு’. நம் ‘இரு’வைப் போலவே ஒலிக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடக் கூடாது. அது உயர்திணை, அஃறிணைப் பிரிவும் அல்ல. பூனையும் நாயும் ‘இரு’ பக்கம், நாற்காலி ‘அரு’ பக்கம்.

பெயரடைகளும் காலம் காட்டும். ‘தகாய்’ என்றால் விலை அதிகம். நேற்று விலை அதிகமாக இருந்தது என்றால் ‘தகாகத்தா’. இதற்குத் தமிழில் இணை தேடாதீர்கள், மனப்பாடம்தான் வழி. எழுவாயை அடுத்து வரும் ‘வ’, ‘க’ (மேலே சொன்ன கேள்வி ‘க’ அல்ல, ‘ga’ என்று மெலிந்து ஒலிப்பது) இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் எளிதில் அடங்காது. தொடக்கத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ‘வத்தாஷி க’ என்று அழுத்திச் சொன்னால் அது பெரும்பாலும் ‘நான்தான்’.

அப்படியானால் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பமா?

ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ (1919–2008) இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். தமிழர்கள் மகிழ்ந்தார்கள், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பது வேறு, ஒரே வேரில் பிறந்தது வேறு. கொரியம், துருக்கியம் போன்ற மொழிகளிலும் வினை கடைசியில்தான் வருகிறது. வகுப்பில் இதை ஒரு வாதமாகத் தொடங்காதீர்கள். ஆசிரியர் புன்னகையோடு ‘சோ தெஸ் நெ’ (அப்படியா) என்பார், அதற்கு ‘நான் ஒத்துக்கொண்டேன்’ என்று பொருள் இல்லை.

மூன்று வகை எழுத்தாமே! எத்தனை எழுத்து படிக்க வேண்டும்?

ஹிராகனாவில் அடிப்படை எழுத்துகள் 46, கத்தகானாவிலும் 46. ஒலி ஒன்றே, வடிவம் வேறு. கத்தகானா முக்கியமாக வெளிநாட்டுச் சொற்களுக்கும் பெயர்களுக்கும். மூன்றாவது சீனத்திலிருந்து வந்த கான்ஜி. (கஞ்சி என்று வாசித்துச் சிரிக்காத தமிழர் இல்லை. முதல் வாரத்தோடு அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.) அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 2010இல் திருத்திய பட்டியலில் 2,136 கான்ஜி உள்ளன. தொடக்க நிலைக்கு ஏறத்தாழ 100 போதும்.

ஹிராகனா அட்டவணையைப் பார்த்ததும் உங்களுக்கு ஒரு பரிச்சயம் தோன்றும். உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ‘ஹ’ முற்காலத்தில் ‘ப’வாக ஒலித்தது என்பது அறிஞர் முடிவு. அதைப் ‘ப’ என்று வாசித்தால் நம் நெடுங்கணக்கு வரிசைதான். இது தற்செயல் அல்ல. பௌத்தத்தோடு சித்தம் என்ற இந்திய எழுத்தும் சமஸ்கிருத ஒலியியலும் ஜப்பானுக்குப் போயின, துறவிகள் அந்த முறைப்படி தங்கள் ஒலிகளை அடுக்கினார்கள். கடைசியில் ‘ன்’ தனியாக நிற்பது மட்டும் தற்செயல் ஒற்றுமை. அகராதியில் சொல் தேடும்போது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ‘ம’ எங்கே, ‘ர’ எங்கே என்று தடவிக்கொண்டிருப்பார். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஹிராகனாவை முதல் வகுப்புக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஆங்கில எழுத்தில் ஜப்பானியம் படிக்கும் பழக்கம் ஊன்றிவிட்டால் பிறகு கழற்றுவது கடினம்.

சரி, தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு படிக்கலாமா?

முதல் வாரம் வேண்டுமானால். அதற்கு மேல் வேண்டாம்.

தமிழில் சொல்லின் நடுவே வரும் ‘க’ தானாக மெலியும். ஜப்பானியத்தில் அது பொருளையே மாற்றும். சாவிக்கும் சிப்பிக்கும் வேறுபாடு நடு எழுத்தின் அழுத்தம்தான். ‘ககி’ என்று தமிழில் எழுதிவைத்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது எது எது என்று தெரியாது. ஹிராகனாவில் எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கோடு போட்டால் மெலிந்த ஒலி, போடாவிட்டால் வல்லொலி. தெளிவு. ‘த’, ‘தெ’ போன்றவற்றையும் ‘ட’வாக நாக்கை மடித்துச் சொல்லாதீர்கள். ஆங்கிலப் பள்ளிப் பழக்கத்தில் பலருக்கு இது வருகிறது.

மற்றபடி உச்சரிப்பில் தமிழர்களுக்குக் கவலை குறைவு. குறில், நெடில், ஒற்று மூன்றையும் பிரித்துச் சொல்வது நமக்குப் பிறவியிலேயே வருகிறது. படு, பாடு, பட்டு என்று சொல்லத் தெரிந்தவருக்கு ‘ஒபசான்’ (அத்தை, ஆன்ட்டி), ‘ஒபாசான்’ (பாட்டி) குழப்பமே இல்லை. வகுப்பில் பலர் நடுத்தர வயதுப் பெண்மணியைப் பாட்டியாக்குவது இங்கேதான். ஜப்பானிய ‘ர’ நம் ‘ர’. ‘ஞ’வும் நமக்கு உண்டு. சொல் மெய்யில் முடிந்தால் ‘உ’ சேர்ப்பதும் நம் வழக்கம்தான்: நாம் ‘பஸ்ஸு’ என்கிறோம், அவர்கள் ‘பஸு’ என்கிறார்கள்.

என் பெயரை எப்படி எழுதுவார்கள்?

கத்தகானாவில், ஒலிப்படி. முருகன் ‘முருகன்’ஆகவே வரும், கடைசி ‘ன்’ அவர்களுக்கும் உண்டு. ‘ல’, ‘ழ’, ‘ள’ எல்லாம் ‘ர’வாகிவிடும். தமிழ் என்பதையே ‘தமிரு’ என்றுதான் எழுதுகிறார்கள். கார்த்திக் ‘காருதிக்கு’ மாதிரி நீளும். ஆசிரியர் எழுதித் தரும் வடிவம் பிடிக்காவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள், பெயரட்டை அச்சாகிவிட்டால் அதுவே நிலைத்துவிடும். தகப்பனார் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால் என்ற ஏற்பாட்டையும் விளக்க வேண்டி வரலாம். அவர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், மரியாதைக்குச் சேர்க்கும் ‘சான்’ அதோடு சேரும். உங்களை உங்கள் அப்பாவின் பெயரில் அழைத்தால் வியக்காதீர்கள்.

முதல் வகுப்பில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் சுய அறிமுகம். ‘ஹஜிமெமஷ்தெ’ என்று தொடங்கி, பெயர், நாடு, வேலை சொல்லி, ‘யொரொஷிக்கு ஒநெகாய்ஷிமஸ்’ என்று முடிப்பது. ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். அப்புறம் உயிரெழுத்து ஐந்து, வணக்க வகைகள், எண்கள். சில ஆசிரியர்கள் முதல் நாளிலிருந்தே ஜப்பானியத்தில் மட்டும் பேசுவார்கள். பயப்பட வேண்டாம், கை அசைவிலும் படத்திலும் பாதி புரிந்துவிடும்.

பல வகுப்புகள் ‘மின்னா நொ நிஹொங்கொ’ என்ற பாடநூலைப் பயன்படுத்துகின்றன. முதல் தொகுதியில் 25 பாடங்கள். முதன்மை நூல் முழுக்க ஜப்பானியத்தில் இருக்கும், விளக்க நூல் தனி. இரண்டையும் வாங்க வேண்டுமா என்று பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆசிரியரை எப்படி அழைப்பது? மரியாதைச் சொற்கள் கடினமா?

‘சென்செய்’ என்று மட்டும் சொன்னால் போதும். பெயரோடு ‘சான்’ சேர்த்து ஆசிரியரை அழைப்பது வழக்கமில்லை. ‘அனத்தா’ (நீங்கள்) என்று பாடநூலில் இருக்கிறதே என்று அவரை நோக்கிச் சொல்லாதீர்கள். நம் வீட்டில் மூத்தவரிடம் ‘நீங்க’ என்பதைக்கூடத் தவிர்த்து ‘அக்கா சாப்பிட்டாச்சா?’ என்கிறோம் இல்லையா, அதே நாகரிகம்தான். உறவுப் பெயரோ பட்டப் பெயரோ முன்னிலைச் சொல்லின் இடத்தில் நின்றுவிடும். தெரியாதவர்களை ‘ஒஜிசான்’ (மாமா), ‘ஒனீசான்’ (அண்ணா) என்று உறவு சொல்லி அழைப்பதும் அங்கே உண்டு, இங்கே அங்கிள், ஆன்ட்டி மாதிரி.

நமக்கு இல்லாத ஒன்று: என் அம்மாவைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது ‘ஹஹா’, உங்கள் அம்மா என்றால் ‘ஒகாசான்’. தன் வீட்டாரைத் தாழ்த்தியும் பிறர் வீட்டாரை உயர்த்தியும் சொல்ல வேண்டும். அலுவலகத்திலும் இதே விதி. வெளிக் கம்பெனிக்காரரிடம் பேசும்போது தன் மேலாளருக்கே ‘சான்’ போட மாட்டார்கள். ‘நம் சாரை மட்டம் தட்டுகிறார்களே’ என்று தோன்றும், அங்கே அதுதான் பணிவு.

வகுப்பில் சீன மாணவர்கள் அதிகம். கான்ஜியில் அவர்கள் முன்னே ஓடிவிடுவார்கள் அல்லவா?

ஓடுவார்கள், உண்மை. அதை மறைத்து ஆறுதல் சொல்லப் போவதில்லை. அறிவிப்புப் பலகையைப் பார்த்தே பாதி ஊகித்துவிடுவார்கள். ஆனால் ஊகம் எப்போதும் சரியாகாது. ‘கை’, ‘தாள்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் ஜப்பானியத்தில் கடிதம், சீனத்தில் கழிவறைத் தாள். எழுத்து வடிவமும் சில இடங்களில் மாறும், ஏனென்றால் இங்கே பள்ளியில் படிப்பது சீனாவில் எளிமையாக்கிய வடிவம், ஜப்பான் தனியாக வேறு விதமாக எளிமையாக்கியது. ஒரே கான்ஜிக்கு இரண்டு மூன்று வாசிப்பும் உண்டு. மலைக்கு ‘யமா’, அதே எழுத்து ஃபுஜி மலையின் பெயரில் ‘சான்’. இதை எல்லோரும் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

வாக்கிய அமைப்பில் அவர்கள் உங்களிடம் கேட்பார்கள். சீனத்தில் வினை நடுவில் வரும், துகள்களும் வினையெச்சமும் அவர்களுக்கு அந்நியம். பக்கத்தில் உட்கார்ந்து பண்டமாற்று செய்துகொள்ளுங்கள். அவர் எழுத்து சொல்லித் தரட்டும், நீங்கள் வாக்கியம் சொல்லித் தாருங்கள்.

எங்கே படிக்கலாம்? எவ்வளவு செலவாகும்?

தனியார் மொழிப் பள்ளிகள் நகர மையத்தில் பல உள்ளன. ஜப்பானியப் பண்பாட்டுச் சங்கமும் மொழி வகுப்புகள் நடத்துகிறது. சமூக மன்றங்களில் உரையாடல் அளவிலான வகுப்புகள் அவ்வப்போது வரும். பயணத்துக்கு நாலு வார்த்தை போதும் என்றால் சமூக மன்றம் சிக்கனம். தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் படிப்படியாக நிலை ஏறும் பள்ளியே நல்லது, ஏனென்றால் மன்ற வகுப்புகளில் அடுத்த நிலைக்கு ஆள் சேராமல் நின்றுபோவது உண்டு.

கட்டணம் கேட்கும்போது மொத்த வெள்ளி மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரத்துக்கு அந்தத் தொகை, புத்தகம் சேர்த்தா, பதிவுக் கட்டணம் தனியா, ஒரு வகுப்பு தவறினால் வேறொரு நாள் ஈடுசெய்யலாமா, வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இருபது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மணி நேரத்தில் உங்கள் வாய் திறக்கும் நேரம் சில நிமிடம்தான். கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது சிறிய வகுப்பில் சேருவதே மேல் என்பேன்.

அரசு தரும் பயிற்சி உதவித்தொகையான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு உண்டு. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளுக்கு மட்டும். பட்டியல் மாறும் என்பதால் பணம் கட்டும் முன்பே பாருங்கள், வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. செலவே வேண்டாம் என்பவர்களுக்கு ஜப்பான் அறக்கட்டளையின் ‘இரொதொரி’ பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தனியாகப் படித்து முடிக்கிற பொறுமை இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எவ்வளவு நாளில் பேச வரும்? ஜேஎல்பிடி தேர்வு அவசியமா?

ஜேஎல்பிடி என்பது 1984இல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. 2010 முதல் என்5இலிருந்து என்1 வரை ஐந்து நிலைகள், என்5 எல்லாவற்றிலும் எளிது. பழைய முறையில் எல்லாவற்றிலும் எளிய நிலைக்கு ஏறத்தாழ 150 மணி நேரப் படிப்பு, 800 சொற்கள், 100 கான்ஜி என்று அளவு சொல்லியிருந்தார்கள். இன்றைய என்5 அதற்கு ஈடு. வாரம் 2 மணி நேரம் மட்டும் வகுப்புக்குப் போனால் 150 மணி நேரம் சேர 75 வாரம் ஆகும். வீட்டில் தினமும் அரை மணி நேரம் சேர்த்தால் வாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும், ஏழு மாதத்துக்குள் அந்த அளவை எட்டலாம்.

என்5இல் மொத்தம் 180 மதிப்பெண், தேர்ச்சிக்கு 80. அதோடு மொழியறிவு, வாசிப்புப் பகுதியில் 120க்கு 38, கேட்டல் பகுதியில் 60க்கு 19 கட்டாயம். ஒன்றில் வானளவு வாங்கி மற்றொன்றில் கோட்டைவிட்டால் தோல்விதான். சிங்கப்பூரில் தேர்வை நடத்துவது ஜப்பானியப் பண்பாட்டுச் சங்கம். டிசம்பர் தேர்வு மாதத்தின் முதல் ஞாயிறு, ஆனால் பதிவு பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். தீபாவளி வேலை எல்லாம் முடித்துவிட்டுப் பதிவு செய்யலாம் என்று இருந்தால் கதவு சாத்தியிருக்கும்.

இந்தத் தேர்வில் பேச்சும் இல்லை, கையால் எழுதுவதும் இல்லை. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பது. சான்றிதழ் வைத்துக்கொண்டு வாய் திறக்க முடியாதவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காகப் படிக்கிறவர் தேர்வு எழுதத் தேவையில்லை. ஆனால் நம் ஆட்களுக்குத் தேர்வு என்று ஒன்று இருந்தால்தான் கை புத்தகத்தைத் தொடுகிறது, அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அனிமே பார்த்தே கற்றுக்கொள்ளலாமா?

காது பழகும். பேச்சு கெடும். அதில் வரும் ‘ஒரெ’, ‘ஒமயெ’ எல்லாம் ‘டேய், வாடா’ ரகம். சென்செயிடம் சொல்லிப் பார்க்காதீர்கள்.

பண்பாட்டு வகுப்பில் சாப்பாடு வரும் என்கிறார்கள். நான் சைவம், என்ன செய்வது?

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘தஷி’ எனப்படும் சாறு ஜப்பானியச் சமையலின் அடித்தளம், அது பெரும்பாலும் ‘கத்சுஒபுஷி’ என்ற உலர்த்திய சூரை மீனில் எடுப்பது. மிசோ சூப், நூடல்ஸ் குழம்பு, காய்கறிக் கூட்டு என்று கண்ணுக்கு மீன் தெரியாத எதிலும் அது இருக்கலாம். ‘நிக்கு மொ சகனா மொ தபெமசென்’ என்றால் ‘இறைச்சியும் சாப்பிட மாட்டேன், மீனும் சாப்பிட மாட்டேன்’. அதோடு தஷியையும் சேர்த்துச் சொல்லுங்கள். புத்த மடங்களின் ‘ஷோஜின்’ சமையலில் கடற்பாசியிலும் காளானிலும் தஷி எடுப்பார்கள், அது உங்களுக்குச் சரிப்படும். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்கள் ‘கியூநிக்கு’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். தமிழ் முஸ்லிம்கள் ‘மிரின்’, ‘சாக்கே’ இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும், இரண்டும் சமையலில் சேரும் மதுவகை.

சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது, தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள். இதை வகுப்பில் விளக்கினால் நம்மவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள், சாவுச் சடங்கின் அசைவுகளை நல்ல நாளில் தவிர்ப்பது நமக்குப் புதிதா என்ன. யுகாத்தா (கோடைகாலக் கிமோனோ) உடுத்தும்போதும் இதே சங்கதி: இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு.

இடது கை பற்றி அங்கே விலக்கு இல்லை. சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் ஏந்தித்தான் சாப்பிடுவார்கள். எதையாவது தரும்போது இரண்டு கையாலும் தருவது மரியாதை. வாசலில் செருப்பைக் கழற்ற நமக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆனால் உள்ளே போட்டுக்கொள்ளும் காலணியையும் பாய் விரித்த தத்தாமி அறைக்கு வெளியே கழற்ற வேண்டும்.

ஜப்பானியக் கறி நம்முடையதா என்று கேட்பவர்களுக்கு: அது பிரிட்டிஷார் வழியாக மெய்ஜி காலத்தில் (1868–1912) போனது. இந்திய முறைக் கறியை டோக்கியோவின் ஷின்ஜுகுவில் உள்ள நகமுராயா கடை 1927இல் விற்கத் தொடங்கியது, சொல்லிக் கொடுத்தவர் அந்தக் குடும்பத்தின் மருமகனான இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ். அவர்தான் 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் இந்திய விடுதலைச் சங்கத்தின் பொறுப்பை நேதாஜியிடம் ஒப்படைத்தவர்.

வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஜப்பான்காரன் மொழி எதற்கு என்கிறார்கள்.

அவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது, ஊருக்குச் சியோனான் என்று பெயர் மாறியது, கடிகாரம்கூட டோக்கியோ நேரத்துக்கு ஓடியது. பள்ளிகளில் நிப்பொங்கொ (ஜப்பானிய மொழி) கட்டாயமானது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. அதே காலத்தில் பல தமிழர் வீடுகளிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கும் ஆண்களும் பெண்களும் போனார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு நினைவும் இருக்கலாம். ஆகவே ‘அதெல்லாம் பழைய கதை’ என்று பதில் சொல்லிவிடாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள், சொல்ல விரும்பினால் சொல்வார்கள்.

வகுப்பில் இந்தப் பேச்சு அரிதாகவே எழும். எழுந்தால் நேராகவும் அமைதியாகவும் பேசலாம். ஹவ்காங் பக்கம் சுவான் ஹோ அவென்யூவில் ஜப்பானியக் கல்லறைப் பூங்கா இருக்கிறது, 1891இல் தொடங்கியது, 910 கல்லறைகள். போர் வீரர்கள் மட்டுமல்ல, அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்து ஏழைகளாக இறந்த இளம்பெண்களும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். ஜப்பானியர் என்றால் 1942 மட்டுமே நினைவுக்கு வருபவர்கள் ஒருமுறை போய் வரலாம்.

பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்க முடியுமா?

உயர்நிலை ஒன்றிலிருந்து, தகுதி பெற்ற மாணவர்கள் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் மூன்றாம் மொழியாக ஜப்பானியம் படிக்கலாம். தகுதி விதிகள் மொழிக்கு மொழி மாறுவதால், பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவுக்குக் காத்திராமல் அமைச்சின் தளத்தில் படித்துவிடுங்கள். பள்ளி முடிந்து வேறோர் இடத்துக்குப் பயணம் செய்து படிக்க வேண்டும். தாய்மொழிப் பாடத்தில் திணறும் பிள்ளைக்கு இதையும் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழ் நன்றாக வருகிற பிள்ளைக்கு இது விளையாட்டாக வரும்.

ஐம்பது வயதுக்கு மேல் தொடங்கலாமா?

தாராளமாக. கான்ஜி மெதுவாக ஏறும், இலக்கணம் இளையவர்களைவிட வேகமாக ஏறும், ஏனென்றால் உங்கள் தலைமுறைக்குத் தமிழ் இலக்கணம் ஒழுங்காகச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

வகுப்புக்கு வெளியே எங்கே பழகுவது?

நாசிம் ரோட்டில் ஜப்பானியத் தூதரகத்தின் படைப்பாக்க நிலையம் 2009 முதல் இயங்குகிறது. கண்காட்சிகள், பேச்சுகள் நடக்கும், பல இலவசம். நீ ஆன் சிட்டியில் உள்ள கினோகுனியா புத்தகக் கடையில் சிறுவர் நூல்கள் முழுக்க ஹிராகனாவில் கிடைக்கும், தொடக்க நிலைக்குப் பாடநூலைவிடச் சுவையானவை.

கத்தகானாவுக்கு டொன்கி என்ற ஜப்பானியப் பல்பொருள் கடைதான் என் தேர்வு. சிங்கப்பூரில் முதல் கிளை 2017 டிசம்பரில் ஆர்ச்சர்ட் சென்ட்ரலில் திறந்தது, இப்போது பேட்டைகளிலும் இருக்கிறது. பொட்டலங்களில் எழுதியிருப்பதை உதடு அசைத்து வாசியுங்கள்: ‘சொகொரேத்தோ’ மாதிரி ஏதோ வரும், கொஞ்சம் யோசித்தால் சாக்லேட். ஒரு வரிசை அலமாரியை முடிப்பதற்குள் பத்து எழுத்து ஊன்றிவிடும். வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் பசியோடு போகாதீர்கள்.

வகுப்பு வீட்டுப்பாடம் செய்யாமல் போனால்?

போங்கள். செய்யவில்லை என்று வெட்கப்பட்டு ஒரு வாரம் போகாமல் இருப்பவர்கள் அடுத்த வாரமும் போவதில்லை. ‘சுமிமசென்’ (மன்னிக்கவும்) என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.